கரையேறும் நாளை முதலில் குறியுங்கள்

தீவில் ஒரு பெண் பிள்ளைத்தாச்சியானதும் சனம் கேட்கும் முதல் கேள்வி, "எப்ப திகதி?" என்பதுதான். நான் 31 வருடம் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்தவள். சேர்ந்த காலத்தில் எங்களைக் குடும்பநல மாது என்பார்கள், சனத்துக்கு மிஸ்ஸி. வட இலங்கையில் பூநகரிப் பக்கத்துக் கரையோரக் கிராமங்களில்தான் என் காலம் பெரும்பாலும் போனது. 1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவுச் சனம் 2018இல் படகுகளில் திரும்பிப் போய்க் குடியேறிய பிறகு, தீவும் என் கொப்பிக்குள் வந்தது. தீவுப் பெண்ணுக்குப் பிள்ளை பிறக்கும் திகதி மட்டும் தெரிந்தால் போதாது. அவள் படகேறி வந்து கரையில் தங்கத் தொடங்கும் திகதியும் தெரிய வேண்டும். அதைக் கரையேறும் நாள் என்று சொல்வேன். அந்த ஒரு நாளைச் சரியாகக் குறித்து, அதற்கு வேண்டியதை ஊராகச் சேர்ந்து செய்துவிட்டால், நான் பார்த்த ஆபத்துகளில் பாதிக்கு மேல் வந்திருக்காது.

இலங்கையில் 100 பிள்ளைப்பேற்றில் 99க்கு மேல் வைத்தியசாலையில்தான் நடக்கிறது. கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் மிச்சமிருக்கும் அந்த ஒன்றுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். படகும் காற்றும் ஒத்துவராத இடத்தில் இருக்கிறவர்கள்தான் அதில் விழுவார்கள். ஆகவே இதை மாதர் சங்கத்துப் பெண்களுக்கும், படகோட்டிகளுக்கும், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் மிஸ்ஸிமாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு

மாதவிலக்குத் தள்ளிப்போய் ஒன்றிரண்டு கிழமைக்குள் மிஸ்ஸிக்குச் சொல்லிவிடுங்கள். 8 வாரத்துக்குள் பதிவது நல்லது. "மூன்று மாதம் போகட்டும், கண்ணூறு படும்" என்று மாமிமார் சொல்வார்கள். அவர்களோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை. ஊருக்குச் சொல்ல வேண்டாம், மிஸ்ஸிக்கு மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டால் ஒத்துக்கொள்வார்கள்.

கடைசி மாதவிலக்கு வந்த முதல் நாள் எது? இதைக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். கலண்டர் பார்த்து வாழ்கிற வேலை இல்லையே. நான் வேறு விதமாகக் கேட்பேன். "மடுத் திருவிழாவுக்கு முதலா, பிறகா? அப்ப நிலவு எப்பிடி இருந்தது, கடலுக்குப் போனவையா?" கடலோரத்துப் பெண்ணுக்கு நிலவு நன்றாக நினைவிருக்கும். ஆகஸ்ட் 15 மடு மாதா பெருவிழா, அதற்கு முந்தின பூரணை என்று பிடித்துப் பிடித்து வந்தால் இரண்டு மூன்று நாள் வித்தியாசத்துக்குள் திகதி வந்து நிற்கும். பிறகு முதல் 3 மாதத்துக்குள் ஒரு ஸ்கான் எடுத்தால் கணக்கு உறுதியாகும். பிந்தி எடுக்கும் ஸ்கானில் திகதி அவ்வளவு நம்பிக்கையாக வராது.

அந்த நாளோடு 7 நாளும் 9 மாதமும் கூட்டுங்கள். மார்ச் 10 என்றால் டிசம்பர் 17. அது பிள்ளைப்பேற்றுத் திகதி. அதிலிருந்து 4 வாரம் பின்னால் வாருங்கள், நவம்பர் 19. அப்போது 36 வாரம் முடிந்திருக்கும். 37 வாரத்திலிருந்து எந்த நாளும் பிள்ளை பிறக்கலாம் என்பதால், பிரச்சினை இல்லாத பெண்ணுக்கே இதுதான் கடைசி எல்லை.

இனிக் கடலைப் பாருங்கள். நவம்பரில் வாடையும் மழையும். புயல் வருகிற காலமும் அதுதான். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி கிழக்குக் கரையால் ஏறி வன்னியைக் கடந்து மன்னார்ப் பக்கம் போனதை எங்கள் சனம் மறந்திருக்காது. ஆகவே நவம்பர் 19 வேண்டாம், முதல் கிழமையிலேயே வரச்சொல்லுவேன். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களிலும் அப்படித்தான், ஒரு கிழமையாவது முந்துங்கள். இந்த இடத்தில் படகோட்டியின் வாயைக் கேளுங்கள். காற்று எந்தக் கிழமை திரும்பும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்கோ டொக்டருக்கோ தெரியாது.

முதல் பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை செய்தவர்கள், இரட்டைப் பிள்ளை, பிறஷர் உள்ளவர்கள், முந்தின பேற்றில் இரத்தம் நிறையப் போனவர்கள், நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று ஸ்கானில் சொன்னவர்கள், இவர்களுக்கு என் கணக்குச் செல்லாது. கிளினிக்கில் டொக்டர் சொல்லும் நாள்தான். அது மாதக் கணக்கில் முந்தியும் இருக்கலாம்.

கரையில் ஒரு வீடு

கரையேறு என்று சொல்வது சுலபம். எங்கே தங்குவது, யார் சமைப்பது, மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது? இதற்குப் பதில் இல்லாமல் ஒரு பெண்ணும் வரமாட்டாள். "ஏன் வரேல்லை?" என்று கிளினிக்கில் ஏசுவதால் ஒன்றும் நடக்காது.

இரணைதீவுக் குடும்பங்கள் பலவற்றுக்கு இரணைமாதா நகரிலும் ஒரு வீடு இருக்கிறது, இடம்பெயர்ந்து வாழ்ந்த காலத்து வீடு. அது பெரிய வசதி. இல்லாதவர்களுக்கு ஒரு மச்சாளோ சித்தியோ பெரியம்மாவோ இருப்பார். ஐந்தாம் மாதத்திலேயே அந்த வீட்டைப் பேசி முடித்துவிடுங்கள். வீட்டில் நான் பார்ப்பது மூன்றே விடயம். வாசல் வரை வாகனம் வருமா, இரவில் மலசலகூடத்துக்குப் போகும் வழியில் வெளிச்சம் இருக்கிறதா, போனுக்குச் சிக்னல் கிடைக்கிறதா. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம். ஆனால் அது கடல் தாண்டாது. அதனால்தான் அவள் கரைப்பக்கம் இருக்க வேண்டும் என்கிறேன்.

வீடே அமையாவிட்டால் வைத்தியசாலையில் முன்கூட்டியே அனுமதிக்கச் சொல்லிக் கேட்கலாம். மிஸ்ஸி ஒரு கடிதம் எழுதி, தீவு, படகு, காற்று எல்லாவற்றையும் அதில் சொல்ல வேண்டும். ஒரு தடவை ஒரு வைத்தியசாலையில், "இன்னும் நோகேல்லை, வீட்டுக்குப் போய் நொந்தாப் பிறகு வா" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளுடைய வீடு கடலுக்கு நடுவில் இருப்பது அவள் கொண்டுபோன கர்ப்பிணி அட்டையில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு தீவுப் பெண்ணின் கர்ப்பிணி அட்டையிலும் மேலே சிவப்புப் பேனையால் பெரிதாக எழுதுவேன்: தீவு, படகில் வரவேண்டும். நீங்களும் எழுதுங்கள்.

அந்த 4 வாரத்துக்கும் வீட்டு வருமானம் விழும் என்பதையும் மறைக்கக் கூடாது. தீவில் பெண்கள் சும்மா இருக்கிறவர்கள் இல்லை. வத்துக் கடலில், அதாவது தண்ணீர் வற்றிய நேரம், இறங்கி மட்டி பொறுக்குவார்கள், நண்டு வலை தெரிப்பார்கள். ஒரு கிராமத்தில் மாதர் சங்கப் பெண்கள் மாதம் ஆளுக்கு 100 ரூபா போட்டு ஒரு சின்னக் காசு சேர்த்து வைத்திருந்தார்கள். கரையேறும் பெண்ணுக்கு அதிலிருந்து அரிசியும் பருப்பும் போகும். அவள் திருப்பிக் கட்டத் தேவையில்லை, அடுத்தவளுக்குப் போட்டால் சரி. நான் கண்டதில் நன்றாக நின்ற ஏற்பாடு இதுதான்.

படகு

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு ஆவணி மாதம், சோளகம் இன்னும் ஓயவில்லை. இரவு 8 மணிக்கு எனக்குப் போன் வந்தது. மூன்றாவது பிள்ளை, 35 வாரம், பனிக்குடம் உடைந்துவிட்டது. கரையேறும் நாளுக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. அவளுடைய மனுசன் கடலுக்குப் போயிருந்தார். படகு இருந்தது, எஞ்சினும் இருந்தது, மண்ணெண்ணெய் இல்லை. மூன்று வீட்டு எஞ்சின் தாங்கியிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துச் சேர்க்கவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது. கரைக்கு வந்தபோது வத்து நேரம். படகு இறங்குதுறையை அடைய முதலே தரை தட்டிவிட்டது. இடுப்பளவு கூட இல்லை, முழங்கால் தண்ணீர், கீழே சேறு. நான் கரையில் டோர்ச்சோடு நிற்கிறேன், அவள் படகில் முனகுகிறாள், நடுவில் ஐம்பது அறுபது பாகம் தூரம்.

பக்கத்து வாடியிலிருந்து, மீன்பிடிக்காரர் தங்கும் கொட்டில் அது, ஒரு பொடியன் வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அதில் அவளை இருத்தி, நாலு பேர் ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கி, சேற்றுக்குள் அடி எடுத்து வைத்து வந்தார்கள். ஒருத்தனுக்குக் காலில் சிப்பி வெட்டிவிட்டது, அவன் கதிரையை விடவில்லை. வாடிக்குள் கொண்டுவந்து பாயில் கிடத்திப் பத்து நிமிடத்தில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. சின்னதாக, மெலிவாக, ஆனால் அழுதது. 2009இல் பங்கருக்குள் பேறு பார்த்த கை இது. ஆனாலும் அன்று இரவு அம்புலன்ஸ் வெளிச்சம் தெரியும் வரை என் கை நடுங்கியபடியே இருந்தது.

அந்த இரவுக்குப் பிறகு நான் போன ஒவ்வொரு கூட்டத்திலும் இதைக் கேட்டேன், இப்போது உங்களிடமும் கேட்கிறேன். ஊரில் ஒரு 20 லீற்றர் கானில் எஞ்சினுக்குக் கலந்த எண்ணெய் நிரப்பி, சிவப்புத் துணி கட்டி, ஒரு வீட்டில் வையுங்கள். வலை கிடக்கிறது, மீன் கெடப்போகிறது என்று யார் கெஞ்சினாலும் அதைத் தொடக்கூடாது. ஓட்டிகள் இரண்டு பேருடைய பெயர் எழுதி வையுங்கள். ஒருவர் கடலில் என்றால் மற்றவர் கரையில் நிற்க வேண்டும். ஒருநாளும் ஒரு படகை மட்டும் நம்பாதீர்கள், துணைக்கு இன்னொன்று கூடவே வரட்டும். தீவில் கடற்படை முகாம் இருப்பதால், யார் யாருக்கு எந்த மாதம் என்று அங்கேயும் முன்கூட்டியே சொல்லி வைத்தால் இரவில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேராது.

படகுக்குள் தடிப்பான பொலித்தீன் விரிப்பு, மேலே பாய், உயிர்காப்பு அங்கி, நல்ல டோர்ச், தண்ணீர் படாமல் கட்டிய உலர்ந்த துணி. அந்தப் பிளாஸ்ரிக் கதிரையும்தான். பெண்ணை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். மல்லாக்கப் படுத்தால் வயிற்றின் பாரம் பெரிய இரத்தக் குழாயை அமத்தும், தலை சுற்றும், பிள்ளைக்குப் போகும் இரத்தமும் குறையும். கூட ஒரு பெண் கட்டாயம் வரவேண்டும். கர்ப்பிணி அட்டையைப் பொலித்தீன் பையில் போட்டு அவளுடைய சட்டைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பையோடு போகிற அட்டை பல நேரம் படகிலேயே தங்கிவிடும்.

யாரையும் கேட்காமல் புறப்பட வேண்டிய நேரங்கள்

இரத்தம் பட்டால், அது துளியாக இருந்தாலும். பனிக்குடம் உடைந்தால், தண்ணீர் பச்சையாகத் தெரிந்தால் இன்னும் அவசரம். விடாத தலையிடி, கண் மங்குதல், மேல்வயிற்றில் நோ, முகமும் கையும் திடீரென்று வீங்குதல்: இது பிறஷர், வலிப்பு வருவதற்கு முன் உடம்பு தரும் அறிவிப்பு. காய்ச்சல். 37 வாரத்துக்கு முதல் விட்டு விட்டு வரும் நோ.

அப்புறம், பிள்ளையின் துடிப்பு. கடைசி மாதங்களில் காலையிலிருந்து எண்ணச் சொல்வோம், 12 மணித்தியாலத்துக்குள் 10 அசைவு. சிலர் அடுப்படியில் பத்துப் புளியங்கொட்டை வைத்து ஒவ்வொரு அசைவுக்கும் ஒன்றை நகர்த்துவார்கள், நல்ல பழக்கம். ஆனால் வழமையை விடக் குறைந்துவிட்டது என்று தாய்க்கு மனதில் பட்டால் 10 வரும் வரை காத்திருக்க வேண்டாம். இனிப்புத் தண்ணி குடித்துப் பார், நாளைக்குப் பார்ப்பம் என்று யாரும் சொல்லக்கூடாது. தாய் சொன்னால் படகு போகவேண்டும்.

"அவர் கடலால வரட்டும்" என்று காத்திருந்ததால் போன உயிர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் மாதத்திலேயே புருசனையும் மாமியையும் இருத்தி, நீங்கள் இல்லாத நேரம் அவசரம் வந்தால் யார் முடிவெடுப்பது என்று கேட்டு, அவர்கள் வாயாலேயே ஒரு பெயரைச் சொல்ல வையுங்கள். பெரும்பாலும் பக்கத்து வீட்டு அக்காதான். அந்த அக்காவின் போன் இலக்கத்தைக் கர்ப்பிணி அட்டையின் பின்பக்கம் எழுதுங்கள்.

வழியில் பிறந்துவிட்டால்

படகை நிறுத்தாமல் போய்க்கொண்டே இருங்கள். வயிற்றை அமத்தக் கூடாது, பிள்ளையை இழுக்கவும் கூடாது. கை கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் இருந்தால் கழுவுங்கள். பிள்ளை வந்ததும் உலர்ந்த துணியால் தலையிலிருந்து கால் வரை நன்றாகத் துடைத்து, தாயின் வெறும் நெஞ்சில் படுக்க வைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். கடல் காற்று பச்சைப் பிள்ளையை நிமிடத்தில் குளிரப் பண்ணிவிடும், தலையை மூட மறக்காதீர்கள். துடைக்கும்போதே அனேகமாக அழும். அழாவிட்டால் முதுகைத் தேய்த்துவிடுங்கள்.

தொப்புள்கொடியை அறுக்க அவசரப்படாதீர்கள். அறுக்காமலே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகலாம். மீன் வெட்டுகிற கத்தி, துருப்பிடித்த பிளேட், சாம்பல், மஞ்சள் எதுவும் அதன் பக்கம் போகக்கூடாது. நஞ்சுக்கொடி தானாக வந்தால் ஒரு பையில் போட்டுப் பிள்ளைக்குப் பக்கத்திலேயே வையுங்கள், டொக்டர் அதைப் பார்க்க வேண்டும். வராவிட்டால் இழுக்காதீர்கள்.

நஞ்சு வந்தபிறகு தொப்புளுக்குக் கீழே கையை வைத்துப் பாருங்கள். கருப்பை தேங்காய்ச் சிரட்டை போல இறுகியிருக்க வேண்டும். தொய்வாக இருந்தால் வட்டமாகத் தேய்த்துவிடுங்கள், இறுகும். பிள்ளையை முலையில் பிடியுங்கள், அதுவும் கருப்பையை இறுக்கும். தாய் சலம் கழித்தால் இன்னும் நல்லது. அரை லீற்றருக்கு மேல் இரத்தம் போனால் ஆபத்து. படகில் அளக்க முடியாது. ஆகவே துணி நனைந்து நனைந்து வந்தால் கரைக்குப் போன் எடுத்து "இரத்தம் நிக்கேல்லை" என்று அந்தச் சொல்லாலேயே சொல்லுங்கள். இரத்தத்தை நிறுத்தக் கொடுக்கும் ஒக்சிரோசின் ஊசி குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டிய மருந்து. தீவு வீட்டில் வைத்திருக்க முடியாது. கரையில் அம்புலன்ஸும் ஆட்களும் ஆயத்தமாக நிற்கட்டும்.

கிளினிக், சாப்பாடு

கிளினிக் நாளும் படகு நாளும் ஒன்றாக இருக்க வேண்டும், இதை மிஸ்ஸியும் ஊரும் பேசிக் குறியுங்கள். ஒரே பயணத்தில் இரத்தம், சலம், சீனி, பிறஷர், ஸ்கான் எல்லாம் முடியட்டும். முதல் பரிசோதனையில் இரத்த வகையையும், எச்ஐவி, சிபிலிஸ் சோதனைகளையும் தவறவிடாதீர்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டும் தொற்றுவதை இல்லாமல் செய்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. அது எல்லோரும் சோதித்ததால் கிடைத்தது. இரத்த வகை நெகட்டிவ் என்றால் முதலிலேயே தெரிய வேண்டும். பிள்ளை பொசிட்டிவ் ஆகப் பிறந்தால் 72 மணித்தியாலத்துக்குள் ஒரு ஊசி போடவேண்டும், கர்ப்ப காலத்தில் இரத்தம் பட்டாலும் அந்த ஊசியைப் பற்றிக் கேட்க வேண்டும்.

இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். எங்கள் பெண்கள் பிளேன்ரீயில்தான் நாளை ஓட்டுகிறார்கள், அது இரும்பை உடம்பில் சேரவிடாது. இரண்டு மணித்தியாலம் விட்டுக் குடியுங்கள். கல்சியத்தையும் இரும்பையும் ஒரே நேரத்தில் போட வேண்டாம். கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமா தாய்க்குத் தருவது. வீட்டில் பிள்ளைகள் கேட்டு அழும்போது தாய் சாப்பிடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் வீட்டுக்குப் போனால் என் கண் முன்னால் உருண்டை பிடித்து ஒன்றைத் தின்னச் சொல்வேன்.

திரும்பிப் போகும் நாள்

ஐந்தாம் நாளே படகேறத் துடிப்பார்கள். வேண்டாம். பேற்றுக்குப் பிறகு முதல் 10 நாளில் மிஸ்ஸி இரண்டு தடவை வந்து பார்க்க வேண்டும், அது முடியும் வரை கரையில் நில்லுங்கள். இரத்தம் திரும்பக் கூடுதல், காய்ச்சல், நாற்றம், ஒரு காலில் மட்டும் வீக்கம், பிள்ளை பால் குடிக்காமல் சோர்தல், இவையெல்லாம் அனேகமாக இந்த நாட்களில்தான் தலைகாட்டும். சரக்குக் கறி அம்மம்மா கைப்பக்குவத்தில் தாராளமாகக் கொடுக்கலாம். தண்ணியை மட்டும் குறைக்காதீர்கள், பால் கொடுக்கிற உடம்புக்குத் தண்ணி வேண்டும். தாய் காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தால், பிள்ளையைத் தூக்கப் பின்வாங்கினால், "பேய் பிடிச்சிருக்கு" என்று நூல் கட்டப் போகமுதல் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். போரில் ஆட்களை இழந்த பெண்களிடம் இதை நான் அதிகம் பார்த்தேன். கதைத்தால், மருந்து எடுத்தால் மாறும்.

அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விடுவதைப் பற்றியும் படகேற முன்பே பேசி முடியுங்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி தீவுக்குச் சிக்கல்தான். காற்று ஒரு கிழமை அடித்தால் திகதி தவறும். கையில் வைக்கும் குச்சி 5 வருடம், கருப்பைக்குள் வைக்கும் லூப் 10 வருடம் நிற்கும், எடுக்க நினைத்தால் எடுக்கலாம். இதைப் படகில் வைத்துக் கேட்காதீர்கள். படகில் மச்சானும் மாமனும் இருப்பார்கள், பெண் வாய் திறக்கமாட்டாள். பிள்ளையை நிறுக்கும் சாட்டில் தனியாக உள்ளே கூப்பிட்டுக் கதையுங்கள். வீட்டில் அடி வாங்குகிறவளும் அந்தத் தனிமையில்தான் சொல்லுவாள். பெரிய வைத்தியசாலைகளில் அதற்கென்று நட்பு நிலையம் இருக்கிறது.

35 வயதுப் பெண்களையும் விடாதீர்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனைக்குத் தனியாக ஒருத்தியும் கரைக்கு வரமாட்டாள், வெட்கம். ஏழெட்டுப் பேரை ஒரே படகில் கூட்டி வந்தால் சிரித்துக் கதைத்தபடி வந்து செய்துகொண்டு போவார்கள்.

சிவப்புத் துணி கட்டிய கானை மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வரும்போது ஒருவர் திறந்து பாருங்கள். குறைந்திருந்தால் அன்றைக்கே நிரப்புங்கள்.